முதுகில் ஓர் இலக்கம்

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் அணுகும்பொழுது, நமது கல்லூரிகள் சிலவற்றில் அண்மைக் காலமாக ஒரு செலவு தலைகாட்டுகின்றது. இல்லத்தின் நிறத்திலே, சின்னமும் பெயரும் இலக்கமும் இயந்திரத்தால் அச்சிடப்பெற்ற ஜேர்சியொன்றை ஒவ்வொரு வீரனும் வாங்கவேண்டும் என்பதே அது. ஆண்டுதோறும் வடிவம் மாறுவதால் சென்ற ஆண்டுச் சட்டை இவ்வாண்டு உதவுவதில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் இச்செலவின் பாரத்தைப் பெற்றோர் நன்கறிவர். ஓடவல்ல சிறுவன் ஒருவன் காலில் நோ என்று சொல்லி ஒதுங்குவானாயின், அந்த நோ தகப்பனாரின் பணப்பையில் உள்ளதோ என்று ஆசிரியர் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வெறுஞ் சட்டையொன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, வீட்டிலேயே இலக்கம் இட்டுக்கொண்டு வரும் மாணவனைக் கல்லூரிகள் மனமுவந்து களத்தில் இறக்கவேண்டும் என்பதே எமது கருத்து. நிறம் ஒன்றாயிருத்தல் போதும்.

சட்டையில் இலக்கம் ஏன் வந்தது என்பதையும் நோக்குவோம். இங்கிலாந்தில் 1928ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் திகதி ஆர்சனல், செல்சி ஆகிய உதைபந்தாட்டக் கழகங்கள் தத்தம் ஆட்டங்களில் இலக்கமிட்ட சட்டையுடன் இறங்கின. 1933இல் நடைபெற்ற எவ். ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் எவர்ட்டன் அணியினர் 1 முதல் 11 வரையும், மான்செஸ்டர் சிற்றி அணியினர் 12 முதல் 22 வரையும் அணிந்தனர். ஆடுபவர் யாவர் எனப் பார்ப்போர் அறிதலே இதன் பயன். வீரனின் பெயர் அந்நாட்டு முதற்றர லீக்கின் சட்டைகளில் நிலைபெற்றதோ 1993இலேதான். ஆகவே மைதானத்தின் மறுகரையிலிருந்து படிக்கக்கூடியதாயின், இலக்கம் தன் கடமையைச் செய்துவிட்டது. அதனை எழுதியது இயந்திரமா தமக்கையாரா என்று எவரும் கேட்கப்போவதில்லை.

ஆனால் வீட்டு வேலை என்பதற்காகக் கோணல்மாணலாய் இருத்தலை நாம் ஏற்கோம். துணியை அறிந்து தொடங்குதல் முதற்கடன். பருத்திச் சட்டையாயின் முதலில் ஒருமுறை தோய்த்து உலர்த்தவேண்டும். சுருங்குவது இலக்கம் இடுமுன்னரே சுருங்கிவிடும். பின்னர் ஒரு சாண் உயரத்துக்குத் தடித்த மட்டையில் இலக்கத்தை வெட்டி எடுக்கலாம். 1, 7 என்பன எளியவை. 6, 8, 9 போன்று நடுவே கண்ணுள்ளவற்றை வெட்டும்போது அக்கண் தனியே கழன்று விழும். மெல்லிய பாலமொன்றை விட்டு வெட்டி, பின்பு தூரிகையால் அவ்விடத்தை நிரப்புதல் வேண்டும். சட்டையினுள்ளே மட்டையொன்றைச் செருகாவிடின் முதுகில் இட்ட வர்ணம் நெஞ்சிலும் ஊறித் தோன்றும்! துணிக்குரிய வர்ணத்தைப் பஞ்சினால் ஒற்றி ஒற்றி இடுக. தூரிகையால் இழுத்தால் மட்டையின் விளிம்புக்குள் வர்ணம் புகும். ஒரு நாள் முழுதும் உலரவிட்டு, மேலே துணி விரித்து இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றினால் வர்ணம் நிலைக்கும். தோய்க்கும்போது சட்டையை உட்புறம் வெளியாகத் திருப்பித் தோய்த்தல் நன்று.

பொலியெஸ்டர்ச் சட்டையின் குணம் வேறு. வர்ணம் அதிற் பருத்தியிற்போலப் பற்றாது. கடுஞ்சூடு பட்டால் துணி உருகும். சூட்டினால் ஒட்டும் வெள்ளை எழுத்தைச் சிவப்புச் சட்டையில் ஒட்டினால், சட்டையின் சாயம் எழுத்தினுள் ஏறி அதனை இளஞ்சிவப்பாக்குவதும் உண்டு. இவ்வகைச் சட்டைக்குத் தையலே தக்கது என்போம். வேற்று நிறத் துணியில் வெட்டிய இலக்கத்தை நேர்த்தையலாகத் தைத்தால், சட்டை இழுபடும்போது நூல் அறுந்துவிடும். வளைந்து வளைந்து செல்லும் தையல் துணியோடு இழுபட்டுக் கொடுக்கும்.

பழைய மாணவராகிய நமக்கும் இதிலே ஒரு பங்குண்டு. அணிகளுக்கு நாம் அன்பளிப்பாக வழங்கும் ஜேர்சிகளில் வீரனின் இலக்கத்திலும் பெரிதாய்க் கொடையாளியின் பெயர் விளங்கக் காண்கிறோம். அப்பணத்துக்கு அச்சில்லாத சட்டைகளையும் தையல் இயந்திரம் ஒன்றையும் வாங்கிக் கல்லூரிக்கு அளிக்கலாகாதா? தைத்த இலக்கத்தைப் பருவம் முடிந்ததும் பிரித்தெடுக்கலாம். அண்ணன் அணிந்த சட்டையில் 9ஐ அகற்றித் தம்பிக்கு 4ஐத் தைத்துக் கொடுக்க ஒரு மாலைப்பொழுது போதும்.