கடவுச்சீட்டு பாடம் நடத்துமா?

டிசம்பர் மாதக் காலை எட்டு மணி. தென் சீனத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆங்கில வகுப்பு. ஹுவாய் ஆற்றுக்குத் தெற்கே உள்ள ஊர்களில் அரசின் பொது வெப்பமூட்டும் வசதி கிடையாது. அதனால் நாற்பது மாணவர்களும் குளிர்க்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு வெந்நீர்க் குடுவை. வெளிநாட்டு ஆசிரியர் கேட்கிறார்: “உங்கள் ஊரில் ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்றால், எதை மாற்றுவீர்கள்?”

வகுப்பில் சத்தமே இல்லை. சிலர் கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். சிலர் கைப்பேசி அகராதியில் சொல் தேடுகிறார்கள். கடைசியில் ஒரு மாணவி எழுந்து, தாளில் எழுதித் திருத்திவைத்த நான்கு வாக்கியங்களைப் பிழையில்லாமல் வாசிக்கிறார். “நன்றாக இருக்கிறது. தாளை வைத்துவிட்டு, அதையே எனக்குச் சொல்லுங்கள்” என்கிறார் ஆசிரியர். மாணவியின் முகம் சிவக்கிறது. பத்தாண்டுகளாக ஆங்கிலம் படித்தவர் அவர். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். ஆனாலும் தாள் இல்லாமல் பேச வரவில்லை.

இந்த நிலைக்குச் சீனர்களே வைத்த பெயர் ‘யாபா யிங்யூ’, அதாவது ஊமை ஆங்கிலம். இதைத் தீர்ப்பதற்காகத்தான் பெருநகரங்கள் தொடங்கி மாவட்டத் தலைநகரக் கல்லூரிகள் வரை நான்கு பத்தாண்டுகளாக வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்கள் அழைக்கப்பட்டார்கள். அவர்களை அழைத்ததில் தவறில்லை. எதற்காக அழைத்தோம் என்பதைத்தான் நிறுவனங்கள் தவறாகப் புரிந்துகொண்டன. உச்சரிப்பைத் தருவார்கள் என்று எதிர்பார்த்து வரவழைத்தார்கள். அவர்களால் தர முடிந்ததோ, பிழை செய்தாலும் தலை குனிய வேண்டியிராத ஒரு வகுப்பறை. இந்த வேறுபாடு தெரியாததால்தான் ஆசிரியர் தேர்விலும் அவர்களை நடத்தும் விதத்திலும் தொடர்ந்து பிழை நேர்கிறது.

தேர்வு கட்டிய சுவர்

சீனாவில் அரசே ஆங்கிலம் கற்பித்த வரலாறு 1862-ல் பெய்ஜிங்கில் தொடங்கிய ‘தோங்வென் குவான்’ மொழிப் பள்ளியிலிருந்து வருகிறது. அபினிப் போர்களில் தோற்று, அந்நிய மொழியில் ஒப்பந்தங்களில் கையெழுத்திட வேண்டியிருந்த பேரரசுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் தேவைப்பட்டார்கள். அங்கும் முதல் ஆங்கில ஆசிரியர் வெளிநாட்டுக்காரர்தான்.

பண்பாட்டுப் புரட்சிக்குப் பிறகு 1977-ல் ‘காவ்காவ்’ எனும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு மீண்டும் வந்தது. அதன்பின் ஆங்கிலம் மொழிபெயர்ப்பாளர்களின் தொழிற்கருவியாக மட்டும் இருக்கவில்லை, ஒவ்வொரு குடும்பத்தின் கவலையாகவும் ஆனது. தேர்வின் மொத்த மதிப்பெண் 750, அதில் ஆங்கிலத்துக்கு 150. 2001 முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கற்பிக்கும் திட்டம் வந்தது. பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த பிறகும் விடுதலை இல்லை. 1987-ல் தொடங்கிய கல்லூரி ஆங்கிலத் தேர்வின் நான்காம் நிலையில் தேறினால்தான் பட்டம் என்று பல பல்கலைக்கழகங்கள் நீண்ட காலம் விதி வைத்திருந்தன.

அந்தத் தேர்வில் கேட்டல், வாசிப்பு, மொழிபெயர்ப்பு, எழுத்து எல்லாம் உண்டு. பேச்சுத் தேர்வு தனியானது, விரும்புபவர்கள் மட்டும் கலந்துகொள்ளலாம். தேர்வில் இல்லாததை மாணவர் படிக்கமாட்டார். வகுப்பும் அதற்கேற்ப இரண்டாகப் பிரிந்தது. இலக்கணமும் நுண்வாசிப்பும் சீன ஆசிரியருக்குப் போயின. ‘கோயூ’ எனும் பேச்சு வகுப்பு வெளிநாட்டு ஆசிரியருக்கு வந்தது. மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும் பாடங்கள் ஒருவர் கையில், வாய் திறக்கவைக்கும் பாடம் இன்னொருவர் கையில். இருவரும் கலந்து பேசும் வழக்கம் பெரும்பாலான துறைகளில் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேச்சு வகுப்பு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு பாடவேளை, ஆக 90 நிமிடம். மாணவர்கள் நாற்பது பேர். ஆசிரியர் வாயே திறக்காமல் இருந்தாலும், ஒவ்வொருவராகப் பேசினால் ஆளுக்குக் கிடைப்பது இரண்டேகால் நிமிடம். பதினாறு வாரப் பருவம் முழுவதும் சேர்த்தால் 36 நிமிடம். இந்த நேரத்தில் எவருக்கும் வெளிநாட்டு உச்சரிப்பு வந்துவிடாது. ஆனால் அச்சம் விலகலாம். நல்ல ஆசிரியர் இதை அறிந்து வகுப்பை இரண்டிரண்டு பேராகப் பிரித்துப் பேசவிடுகிறார். முதலில் கிசுகிசுப்பு, பிறகு சிரிப்பு, பத்து நிமிடத்தில் அறை சந்தைக்கடை போல ஆகிறது. அந்த இரைச்சல்தான் பேச்சு வகுப்பின் வெற்றி.

விருந்தாளிக்கு நாற்காலி, பணியாளருக்கு மேசை இல்லை

வெளிநாட்டு ஆசிரியரைச் சீனாவில் ‘வைஜியாவ்’ என்பார்கள். அரசுக் கோப்புகளில் அவர் ‘வெளிநாட்டு நிபுணர்’. பல வளாகங்களில் அவர்கள் தங்கும் கட்டடத்துக்கே ‘நிபுணர் மாளிகை’ என்று பெயர். வாடகை இல்லாத வீடு, ஊருக்குப் போய்வர விமானக் கட்டணம், ஓராண்டு ஒப்பந்தம் என்பது வழக்கமான ஏற்பாடு. மாணவர்களோ நான்கு முதல் எட்டுப் பேர் வரை ஒரே விடுதி அறையில். இரவு பதினொரு மணி வாக்கில் விளக்கணைப்பு. எதிர்ப்புறத்துக் கட்டடத்தில் தனியாக ஒரு வீட்டில் வசிக்கும் ஆசிரியருக்கு இந்த வேறுபாடு தினமும் கண்ணில் படும்.

அவருடைய அலுவல் உறவு துறைத் தலைவரோடு இருப்பதைவிட, ‘வைபான்’ எனும் வெளிநாட்டு அலுவலகத்தோடுதான் அதிகம். விசா, மருத்துவமனை, வீட்டுக் குழாய் பழுது, விழா அழைப்பு எல்லாம் அதன் வழியாகத்தான். செப்டம்பர் 10 ஆசிரியர் தினத்தில் மாணவர்கள் பூங்கொத்து தருவார்கள். நடு இலையுதிர்காலத் திருநாளுக்கு நிலவு அப்பம் வரும். விருந்தில் முதல் வரிசை நாற்காலி அவருக்குத்தான். உபசாரத்தில் குறையே சொல்ல முடியாது.

ஆனால் பாடத்திட்டம் என்ன என்று கேட்டால், “நீங்களே பார்த்துச் செய்யுங்கள்” என்பதே பெரும்பாலும் பதில். துறைக் கூட்டத்துக்கு அழைப்பு வராது. சென்ற ஆண்டு இருந்த ஆசிரியர் என்ன நடத்தினார் என்பது யாருக்கும் தெரியாது. விருந்தாளியை மதிக்கும் பண்பு உயர்ந்தது. அந்தப் பண்பே அவரைச் சக ஆசிரியராக ஏற்கவிடாமலும் செய்கிறது. விருந்தாளியிடம் யாரும் வேலை கேட்பதில்லை, குறை சொல்வதில்லை, ஆலோசனை கலப்பதும் இல்லை. பயிற்சியே இல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் ஓராண்டை வீணாக்கிவிட்டுப் போகலாம். பொறுப்புள்ள ஒருவர் ஓராண்டில் கட்டியெழுப்பியது அவருடனே போய்விடலாம். இரண்டிலும் நட்டம் அடைபவர் மாணவர்தான்.

இதில் யாரும் பேசாத அநீதி ஒன்றும் இருக்கிறது. ஐம்பது கட்டுரைகளை வரிவரியாகத் திருத்தி, மாணவரைத் தேர்வில் தேறவைப்பவர் சீன ஆங்கில ஆசிரியர். விளம்பரத் தாளில் வருவதோ வெளிநாட்டு முகம். தானே ஆங்கிலத்தைப் பாடுபட்டுக் கற்றவர் என்பதால், மாணவருக்கு எங்கே கால் இடறும் என்பது அந்தச் சீன ஆசிரியருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

குரலுக்கு அப்பால் கொடுத்தவர்கள்

சீனப் பல்கலைக்கழகங்களில் ஆழமாக வேரூன்றிய வெளிநாட்டு ஆசிரியர்களைப் பார்த்தால், அவர்களை யாரும் உச்சரிப்புக்காக நினைவுகூர்வதில்லை. ஆங்கிலக் கவிஞரும் விமர்சகருமான வில்லியம் எம்ப்சன் 1937-ல் வந்தபோது ஜப்பானியப் படையெடுப்பு தொடங்கிவிட்டது. பெய்ஜிங், தியன்ஜின் பல்கலைக்கழகங்கள் இடம்பெயர்ந்து ஹுனான் மாகாணத்து நான்யுவே மலையிலும், பிறகு குன்மிங் நகரிலும் நடந்தன. நூலகம் கிடையாது. எம்ப்சன் கவிதைகளை நினைவிலிருந்தே தட்டச்சு செய்து பாடம் நடத்தினார். அவருடைய வேகமான பேச்சைப் பின்தொடர முடியாமல் மாணவர்கள் திணறினார்கள், அதனால் கரும்பலகையை எழுத்தால் நிரப்பினார். அந்தத் தலைமுறை மாணவர்களில் வாங் சுவோலியாங் ஆங்கில இலக்கியத்தின் பெரும் பேராசிரியரானார். சூ குவோசாங் எழுதிய ஆங்கிலப் பாடநூலைப் பல பத்தாண்டுகள் சீனக் கல்லூரி மாணவர்கள் படித்தார்கள். ஆசிரியரின் உச்சரிப்பு பிடிபடாத வகுப்பிலிருந்துதான் ஒரு நாட்டின் ஆங்கிலக் கல்வி கிளைத்தது.

கனடிய மிஷனரிகளின் மகளாக 1915-ல் செங்டுவில் பிறந்தவர் இசபெல் குரூக். அவரும் கணவர் டேவிட் குரூக்கும் 1948-ல் தொடங்கிய ஆங்கிலம் கற்பிக்கும் பணி, பின்னாளில் பெய்ஜிங் அயல்மொழிப் பல்கலைக்கழகமாக வளர்ந்த நிறுவனத்தில் தொடர்ந்தது. பண்பாட்டுப் புரட்சியில் டேவிட் 1967 முதல் 1973 வரை சிறையில் இருந்தார். வெளியே வந்த பிறகும் இருவரும் நாட்டை விட்டுப் போகவில்லை, மறுபடி வகுப்புக்கே திரும்பினார்கள். இசபெல் 2023-ல் தம் 107-ம் வயதில் பெய்ஜிங்கில் மறைந்தார்.

அமெரிக்க எழுத்தாளர் பீட்டர் ஹெஸ்லர் 1996-ல் அமெரிக்க அரசின் அமைதிப்படை (Peace Corps) தொண்டராக, யாங்சி ஆறும் வூ ஆறும் கூடும் ஃபூலிங் நகரத்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு வந்தார். அவரிடம் படித்தவர்கள் பெரும்பாலும் உழவர் வீட்டுப் பிள்ளைகள், கிராமப் பள்ளிகளுக்கு ஆசிரியராகப் போகவிருந்தவர்கள். அன்று அந்த வயதினரில் பன்னிரண்டில் ஒருவருக்குத்தான் உயர்கல்வி கிடைத்தது. 2019-ல் அவர் சிச்சுவான் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கச் சீனாவுக்குத் திரும்பியபோது அது இரண்டில் ஒருவராகியிருந்தது. உடன்பிறந்தாரோடு வளர்ந்த கிராமத்து மாணவர்களின் இடத்தில் நகரத்து ஒற்றைப் பிள்ளைகள் அமர்ந்திருந்தார்கள். இந்த மாற்றத்தை உலகுக்கு எழுதிக் காட்ட அவரால் முடிந்ததற்குக் காரணம், வகுப்பறையில் அவர் பேசியதைவிடக் கேட்டது அதிகம் என்பதுதான்.

குடியுரிமை தகுதியாகுமா?

ஆனால் சட்டம் இன்னும் குடியுரிமையையே பார்க்கிறது. 2017-ல் நாடு முழுவதும் ஒரே சீராக்கப்பட்ட பணி அனுமதி விதிகளின்படி, மொழி ஆசிரியர் தம் தாய்மொழியைக் கற்பிப்பவராக, அம்மொழி வழங்கும் நாட்டவராக இருக்க வேண்டும் என்பதே பொது நெறி. விதிவிலக்குகள் உண்டு என்றாலும், நடைமுறையில் அது அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளின் கடவுச்சீட்டாகச் சுருங்குகிறது. இருபது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்த இந்தியரோ பிலிப்பைன்ஸ்காரரோ வாசலிலேயே நிற்க, வேறு ஏதோ ஒரு பாடத்தில் பட்டம் வாங்கிய இருபத்தைந்து வயதுக்காரர் எளிதாக உள்ளே போகிறார்.

இது சீனா கண்டுபிடித்த தவறல்ல. 1961-ல் உகாண்டாவின் மகெரெரேயில் நடந்த காமன்வெல்த் ஆங்கிலக் கற்பித்தல் மாநாட்டில் வேரூன்றிய கருத்து இது என்று மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் 1992-ல் எடுத்துக்காட்டினார். தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர் என்பது ஆதாரமற்ற மயக்கம் என்றார் அவர். அந்த வாதத்தை வலுவாக வளர்த்தவர்களில் ஒருவர் ஈழத்தமிழரான சுரேஷ் கனகராஜா. போர்க்கால யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த அனுபவத்தை அடித்தளமாகக் கொண்டு, 1999-ல் வெளியான தம் நூலில், மாணவர்கள் அந்நிய மொழியைத் தம் தேவைக்கேற்ப வளைத்துத் தமதாக்கிக்கொள்ளும் விதத்தைக் காட்டினார். சீன மாணவர் நாளை ஆங்கிலத்தில் பேசப்போவது வியட்நாம் வணிகரிடம், கென்யப் பொறியாளரிடம், இந்திய மருத்துவரிடம். அவர்களில் எவருடைய ஆங்கிலமும் லண்டன் ஆங்கிலமாக இருக்காது.

மூடும் கதவுகள்

இந்தப் பிழையைத் திருத்துவதற்கு முன்பே கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. 1993-ல் சீனாவில் தொடங்கிய அமெரிக்க அமைதிப்படைத் திட்டத்தை 2020-ல் அமெரிக்காவே முடித்துக்கொண்டது. அதே ஆண்டு சீனாவுடனான ஃபுல்பிரைட் கல்விப் பரிமாற்றத்தையும் நிறுத்தியது. பெருந்தொற்றுக்காக 2020 மார்ச்சில் மூடிய சீன எல்லை மீண்டும் திறக்க 2023 ஜனவரி ஆனது. 2024 ஜூனில் ஜிலின் நகரப் பூங்கா ஒன்றில், அங்குள்ள பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்க வந்திருந்த அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் ஆசிரியர்கள் நால்வர் கத்தியால் குத்தப்பட்டார்கள்.

வகுப்புக்குள்ளும் காற்று இறுகியிருக்கிறது. ஆசிரியர் பேசுவதை மேலிடத்துக்குத் தெரிவிக்கும் ‘தகவல் மாணவர்’ முறை பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. ஹெஸ்லர் ஒரு மாணவரின் கட்டுரையில் எழுதிய குறிப்புகளே திரிந்து இணையத்தில் அவர்மீது புகாராயின. 2021-ல் அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. பிழைக்கு அஞ்சும் மாணவர் முன்னால், சொல்லுக்கு அஞ்சும் ஆசிரியரை நிறுத்தினால் அந்த வகுப்பில் என்ன பேச முடியும்? மௌனத்தைக் கலைக்கவென்று தொடங்கிய வகுப்பு மௌனத்தையே கற்றுக்கொடுக்கும்.

செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. ஆசிரியரைக் கடவுச்சீட்டால் அளக்காமல் கற்பித்தல் பயிற்சியாலும் அனுபவத்தாலும் அளக்க வேண்டும். வெளிநாட்டு ஆசிரியரும் சீன ஆசிரியரும் ஒரே வகுப்பைச் சேர்ந்து திட்டமிட வேண்டும். துறைக் கூட்டத்தில் இருவருக்கும் ஒரே மேசை வேண்டும். பேச்சுக்குத் தேர்வில் உரிய மதிப்பெண் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வகுப்பில் சொன்ன சொல் வகுப்பிலேயே தங்கும் என்ற உறுதி மாணவர், ஆசிரியர் இருவருக்கும் வேண்டும்.

ஒரு மாணவருக்கு ஒரு பருவத்தில் கிடைப்பது 36 நிமிடம். தாளைக் கீழே வைத்துவிட்டுத் தன் ஊரைப் பற்றித் தன் சொல்லில் பேசிப் பார்க்க அவருக்கு இருக்கும் நேரமே அவ்வளவுதான். அதை ஒப்படைக்கும் முன் பல்கலைக்கழகம் ஆசிரியரிடம் கேட்க வேண்டியது எந்த நாட்டவர் என்பதை அல்ல. ஒரு மாணவர் திக்கித் தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கத் தெரியுமா என்பதைத்தான்.