கோடாரி பிடித்த மகாராஜா

நம்ம கேம்பஸில் 'பீட்டர்' என்றால் இங்கிலீஷில் வெளுத்து வாங்குகிறவன் என்று அர்த்தம். நான் எழுதப்போவது அசல் பீட்டரைப் பற்றி. ரஷ்யாவை 1725 வரை ஆண்ட மகா பீட்டர்.

இவரை அறிவொளி பெற்ற மன்னர் என்று சரித்திரப் புத்தகங்கள் தூக்கி வைத்துப் பேசுகின்றன. பாதியை ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியில்தான் எனக்குத் தகராறு.

1672-ல் பிறந்தவர். பத்து வயதில் மாஸ்கோ அரண்மனையில் காவல்படை கலகம் செய்து அவருடைய தாய்மாமனையே கொன்றது. அதன்பின் பெரும்பாலும் ஊருக்கு வெளியே ஒரு கிராமத்தில்தான் வளர்ந்தார். ஒழுங்கான படிப்பு கிடையாது. கடைசி வரை எழுத்துப் பிழையோடுதான் எழுதினார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. தச்சு, கொல்லுவேலை, கடைசல் என்று ஒன்றையும் விடவில்லை. 1688-ல் பழைய சாமான் அறையில் கிடந்த ஓட்டைப் படகு ஒன்றைப் பார்த்தாராம். அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது! மாஸ்கோவில் குடியிருந்த டச்சுக்காரர்களைப் பிடித்து அதைச் சரி செய்ய வைத்தார். கணக்கும் ஜியோமிதியும் கற்றது ஒரு டச்சுக்காரரிடம்தான்.

1697-ல் பெயரை மாற்றிக்கொண்டு ஹாலந்து போனார். ஆம்ஸ்டர்டாமில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் பட்டறையில் நாலு மாதம் தச்சு வேலை. மேஸ்திரியிடம் சர்டிபிகேட்டும் வாங்கினார்! அத்தோடு விட்டாரா? டச்சு மேஸ்திரிகள் கைப்பழக்கத்தில் கட்டுகிறார்கள், டிராயிங் போட்டு விளக்கத் தெரியவில்லை என்று கண்டு, அதைக் கற்க 1698-ல் இங்கிலாந்து போனார். டி-ஸ்கொயரைத் திட்டும் நண்பர்கள் கவனிக்க!

1701-ல் மாஸ்கோவில் கணிதத்துக்கும் கப்பலோட்டவும் தனிப் பள்ளி திறந்தார். 1714-ல் போட்ட உத்தரவுதான் வேடிக்கை. கணக்குப் படித்த சான்று இல்லாத பிரபு வீட்டுப் பையனுக்குக் கல்யாணம் கிடையாது! (அரியர்ஸ் வைத்திருப்பவர்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது.) 1715-ல் தொடங்கிய கடற்படை அகாடமியில் ஒவ்வொரு வகுப்பிலும் சாட்டையோடு ஒரு பழைய சிப்பாய் நிற்க வேண்டும் என்பது விதி. நம்ம ஹெச்.ஓ.டி. எவ்வளவோ தேவலை.

இதுவரை சபாஷ். இனிமேல்தான் தகராறு.

1703-ல் சதுப்பு நிலத்தில் பீட்டர்ஸ்பர்க் நகரம் எழும்பியது. அதைக் கட்ட ஊர் ஊராகக் குடியானவர்களை இழுத்து வந்தார்கள். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஸ்வீடனோடு யுத்தம் நடந்தது, அவசரம், வேறு வழியில்லை என்பார்கள். சரி, அந்த யுத்தம் முடிந்த 1721-லேயே இன்னொரு ஆணை போட்டாரே, அதற்கு என்ன சமாதானம்? ஆலை வைத்திருக்கும் வியாபாரிகள் கிராமங்களைக் குடியானவர்களோடு சேர்த்து விலைக்கு வாங்கலாம்! ஆலையை விற்றால் ஆட்களும் கூடவே கைமாறுவார்கள், லேத் மெஷின் மாதிரி. ஆம்ஸ்டர்டாமில் கூலித் தொழிலாளிகளோடு தோளுக்குத் தோள் நின்று கோடாரி பிடித்த மனிதர் போட்ட உத்தரவுங்க இது! அந்தப் பட்டறையில் பக்கத்தில் நின்றவன் பிடிக்காவிட்டால் வேலையை விட்டுப் போகலாம். அதையும் தானே பார்த்திருப்பார்? கருவிகளை மூட்டை கட்டினார், ஆட்களைச் சம்பளத்துக்குக் கூட்டி வந்தார், இதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார்.

ரஷ்யக் குடியானவனின் அடிமைத்தளை அறுந்தது 1861-ல், இரண்டாம் அலெக்சாண்டர் காலத்தில். பீட்டரின் ஆணைக்கு 140 வருஷம் கழித்து. அதுவும் சும்மா இல்லை. அவன் உழுது வந்த நிலத்துக்கே 49 வருஷத் தவணை போட்டார்கள்.