குண்டர் சட்டத்துக்குக் காலக்கெடு வேண்டும்

ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா சென்னை மாநில முதல்வராக இருந்தபோதுதான் மத்திய அரசின் 1950ஆம் ஆண்டு தடுப்புக்காவல் சட்டம் வந்தது. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், மாநிலங்களின் பொது அமைதிச் சட்டங்கள் நீதிமன்றங்களில் ஆட்டம் கண்டன. விசாரணையின்றி அடைபட்டிருந்த கம்யூனிஸ்ட்கள் வெளியே வந்துவிடுவார்கள் என்று ஆட்சியாளர்கள் பதறினார்கள். பிப்ரவரி 25 அன்று மசோதாவைக் கொண்டுவந்த வல்லபபாய் படேல், தூங்காமல் தவித்த பிறகே இந்த முடிவுக்கு வந்ததாக நாடாளுமன்றத்தில் சொன்னார். அன்றைக்கே அது நிறைவேறியது.

1947 டிசம்பர் முதல் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனுக்கு மார்ச் 1 அன்று புதிய சட்டத்தின் கீழ் உத்தரவு வந்தது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். எதிர்மனுதாரர் சென்னை மாநிலம். தன்னை ஏன் அடைத்தார்கள் என்பதை நீதிபதிகளிடம் சொல்லக்கூட அவரால் முடியவில்லை. காரணத்தை வெளியிடுவதே குற்றம் என்றது 14ஆம் பிரிவு. மே 19 தீர்ப்பில் நீதிமன்றம் அந்தப் பிரிவை மட்டும் செல்லாததாக்கிவிட்டு, மனுவைத் தள்ளுபடி செய்தது.

சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர் குமாரசாமி ராஜா. அப்படிப்பட்டவரின் ஆட்சியிலும் இது நடந்தது. ஆள்பவரின் நல்ல மனதை நம்பி இப்படியொரு அதிகாரத்தைக் கொடுக்க முடியாது.

ஆனால், அந்தச் சட்டத்துக்கு ஓராண்டுதான் ஆயுள். நீட்டிக்க வேண்டுமென்றால் அரசு மறுபடி நாடாளுமன்றத்துக்கு வர வேண்டும். நீட்டி நீட்டி ஓடினாலும், 1969 முடிவில் காலாவதியானது. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு குண்டர் தடுப்புச் சட்டத்துக்கு அப்படி ஒரு கெடுவே இல்லை. கள்ளச்சாராயம், போதைப்பொருள் என்று தொடங்கிய பட்டியலில் திருட்டு வீடியோவும் மணல் கடத்தலும் பின்னர் சேர்ந்தன.

ராஜபாளையத்தில் ஒருவரைக் கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்தில் ஜாமீன் கேட்கலாம். ‘குண்டாஸ்’ போட்டுவிட்டால் ஜாமீன் கிடைத்தும் பயனில்லை. கலெக்டரின் கையெழுத்தில் 12 மாதம் வரை உள்ளே இருக்க நேரிடும். காவல் உத்தரவைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தில் வக்கீல் வைத்து வாதாட உரிமையில்லை. குடும்பத்தார் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஆட்கொணர்வு மனுவோடு ஓட வேண்டும். படிக்க முடியாத ஜெராக்ஸ் பக்கத்துக்காகவும், கைதியின் முறையீட்டைத் தாமதமாகப் பரிசீலித்ததற்காகவும் உத்தரவுகள் ரத்தாகியிருக்கின்றன. அதற்குள் பல மாதங்கள் சிறையில் கழிந்துவிடுகின்றன.

இந்தச் சட்டத்தையும் ஆண்டுதோறும் சட்டமன்றம் புதுப்பிக்கும்படி திருத்த வேண்டும். எத்தனை உத்தரவு போட்டோம், எத்தனை ரத்தாயின, எத்தனை பேர் பிறகு வழக்கில் தண்டனை பெற்றார்கள் என்ற கணக்கை அரசு மாவட்டவாரியாக அவையில் வைக்கட்டும். அதைப் பார்த்த பிறகு உறுப்பினர்கள் வாக்களிக்கட்டும்.