ஒலி, விலைக்கு வாங்கும் பொருளன்று!

யாழ் செய்வதற்கு மரமும் நரம்பும் கைத்திறனும் வேண்டியிருந்தன. இன்று கணிப்பொறியே ஒலியை ஆக்கித் தருகின்றது. மரம் வேண்டுவதில்லை, நரம்பு வேண்டுவதில்லை, அறிவு மட்டும் வேண்டும். அவ்வறிவைத் தேடாமல், பிறர் ஆக்கி வைத்த ஒலிகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்திப் பார்த்து, பிடித்த ஒன்றைப் பொறுக்கித் தம் பாடலில் ஒட்டிக்கொள்வதையே இசையாக்கம் என்று எண்ணும் இளைஞர் தமிழரிடையே பலராவர். கடைச்சோற்றை வாங்கித் தன் இலையில் இட்டுக்கொண்டு, தானே சமைத்ததாகச் சொல்லுதற்கு ஒப்பானது இது.

சிந்தசைசர் என உலகம் வழங்கும் ஒலித்தொகுப்பியைக் கற்பதற்கு ஒருகாலத்தில் விலையே பெருந்தடையாக நின்றது. அமெரிக்கராகிய இராபர்ட்டு மூக் 1964இல் உருவாக்கிய வகைக் கருவிகள் செல்வர்க்கும் பெருநிறுவனங்கட்குமே எட்டின. இன்று அத்தடை தகர்ந்துவிட்டது. உருமேனிய நாட்டு நிரலாளர் ஒருவர் 2002இல் தொடங்கிய 'சின்-ஆட்-சப்-எஃபெக்சு' என்னும் ஒலித்தொகுப்பி எவர்க்கும் திறந்து கிடக்கின்றது. முன்பு விலைக்கு விற்கப்பெற்ற 'சர்சு' என்பதன் நிரல் 2018இல் உலகப் பொதுவாக்கப்பெற்றது. அது பலர் கைபட்டு வளர்ந்து, இன்று 'சர்சு எக்சு-டி' என்னும் பெயரில் வழங்குகின்றது.

இவற்றை 'விலையில்லா மென்பொருள்' என்று சொல்லிவிட்டுப் போவது பெரும்பிழை. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் நிற்றலால், 1983இல் இவ்வியக்கத்தைத் தொடங்கிய இரிச்சர்டு சுடால்மன் அவ்விரண்டையும் மீண்டும் மீண்டும் வேறுபடுத்திக் காட்ட வேண்டியவரானார். தமிழுக்கு அவ்விடர்ப்பாடு இல்லை. 'விலையில்லா' என்பது வேறு. 'கட்டற்ற' என்பது வேறு. கட்டற்ற மென்பொருளைத் திறந்து பார்க்கலாம்; திருத்தலாம்; திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம். பெறுவோர்க்கும் அதே உரிமையை விட்டுவைத்தல் வேண்டும் என்பது அத்தகைய உரிமங்கள் பலவற்றின் கட்டளை.

கற்கும் முறைதான் யாது? முன்னமைந்த ஒலிகள் அனைத்தையும் ஒதுக்கிவிட்டு, ஒரே அலை மட்டும் உள்ள வெறுநிலையிலிருந்து தொடங்குதல் வேண்டும். அறிய வேண்டிய அடிப்படைகள் மூன்றே. முதலாவது அலையாக்கி. அஃது ஒலிக்கு முதற்பொருளைத் தருவது. மரமறுக்கும் வாளின் பல்போன்ற வடிவுடைய வாட்பல் அலையில், அடிப்படை அதிர்வோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என எல்லா மடங்குகளும் படிப்படியாகத் தேய்ந்து நிற்கும். கட்ட அலையிலோ ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே உண்டு. அதனால் அது துளைக்கருவியின் உட்குழிந்த ஒலி போலக் கேட்கும். இரண்டாவது வடிப்பான். அது வேண்டாத மடங்குகளைக் குறைத்து வேண்டியவற்றை விடுவது. மூன்றாவது ஒலியின் எழுச்சி, தணிவு, நிலைப்பு, ஓய்வு என்னும் நான்கையும் ஆளும் உறுப்பு. எழுச்சியை நொடியின் ஆயிரத்தில் சில கூறுகளாகக் குறுக்கி, நிலைப்பை நீக்கிவிட்டால், நரம்பைத் தெறித்தாற்போன்ற ஒலி பிறக்கும். அதே அலையின் எழுச்சியை நொடியின் பத்திலொரு கூறாக நீட்டி நிலைக்க விட்டால், ஊதுகருவியின் சாயல் வரும். அலை மாறவில்லை, காலம் மாறியது, கருவியே மாறிவிட்டது! ஒரு நாளைக்கு ஒரு குமிழை மட்டும் திருகிக் கேட்பவன், ஒரு திங்களுக்குள் இவ்வடிப்படையைக் கைக்கொள்வான்.

தமிழிளைஞன் செய்து பார்க்க வேண்டிய பயிற்சி ஒன்றுண்டு. தாழ்ந்த வாட்பல் அலை ஒன்றை எடுத்து, குறித்த அதிர்வுகளை மட்டும் விடும் வடிப்பான்கள் இரண்டைப் பக்கம்பக்கமாக அமைத்து, ஒன்றை நொடிக்கு ஏறத்தாழ 700 அதிர்விலும் மற்றொன்றை 1100 அதிர்விலும் நிறுத்தினால், 'ஆ' என்னும் உயிரொலியின் சாயல் எழும். அவற்றையே முறையே 300க்கும் 2300க்கும் நகர்த்தினால், அது 'ஈ' என்பதை நோக்கிச் செல்லும். அலையாக்கி தொண்டையாகின்றது, வடிப்பான் வாயாகின்றது.

இந்நிலையில் தொல்காப்பியரை நினையாமல் இருத்தல் இயலாது. எழுத்துகளின் பிறப்பைக் கூறுமிடத்து, உந்தியினின்று எழும் காற்று நெஞ்சு, மிடறு, தலை ஆகியவற்றில் நிலைபெற்று, நா, பல், இதழ், அண்ணம், மூக்கு ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு ஒலியாதலை அவர் பிறப்பியலில் வகுத்துரைத்தார். எழும் பொருள் ஒன்று. அதனை வேறுபடுத்தும் உறுப்புகள் பல என்னும் அவ்வறிவே ஒலித்தொகுப்பியிலும் நிற்கின்றது. ஆயினும், 'இஃதெல்லாம் அன்றே எம்மிடம் இருந்தது' என்று மார்தட்டி உறங்கிவிடுவது அப்பேராசானுக்குச் செய்யும் இழுக்கேயாகும். அவர் உற்றுக் கேட்டார், ஆய்ந்தார், பெயரிட்டார். அவர் வழியினர் எனப்படுவோரும் அதனைச் செய்தல் வேண்டும்.

இன்னுமொன்று. பெரும்பாலான கருவிகள் மேலையர் வகுத்த பன்னிரண்டு ஒப்பப் பகுத்த இசைநிலைகளோடே வருகின்றன. குரலுக்கு இளி ஒன்றரை மடங்கு. அப்பகுப்பிலோ அது 1.4983 மடங்கு. இவ்வேறுபாடு மிகச் சிறிது. ஆனால் ஒன்றேகால் மடங்காக நிற்க வேண்டியது 1.2599 ஆகும்போது, பழகிய செவி அதனைப் பொறாது. சர்சு எக்சு-டியில் 3/2, 5/4 என்று வேண்டிய அளவுகளை ஒரு சிறு எழுத்துக்கோப்பில் எழுதிக் கொடுத்தால், கருவி அவ்வாறே இசைக்கும். ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் தமிழிசையின் அளவுகளைக் கணக்கிட்டு ஆய்ந்து எழுதிய யாழ்நூல் 1947இல் வெளிவந்தது. அவர் தாளில் கணக்கிட்டவற்றை இன்று ஒரு மாணவன் தன் கணிப்பொறியில் காதாலேயே கேட்டுச் சரிபார்க்கலாம். அதற்குக் காசு வேண்டுவதில்லை, முயற்சியே வேண்டும்.

குறை ஒன்று நிற்கின்றது. இக்கருவிகளைத் திறப்போர் கண்முன் நிற்பன ஆங்கிலப் பெயர்களே. இதற்கு அவற்றை ஆக்கியோர்மேல் பழி சுமத்துதல் முறையன்று. பெயரை மாற்றும் உரிமையையும் அவர்கள் சேர்த்தே வழங்கியுள்ளனர். அலையாக்கி என்றும் வடிப்பான் என்றும் எழுச்சி என்றும் எழுத எவரும் தடுக்கவில்லை. எழுதுவார் இல்லாமையே குறை. விலைக்கு வாங்கிய பூட்டிய பெட்டிக்குள் தமிழைப் புகுத்த ஒரு நிறுவனத்தின் அருளுக்குக் காத்திருக்க வேண்டும். கட்டற்றதில் தமிழைப் புகுத்தத் தமிழன் கை எழுந்தாற் போதும்.

ஆகவே, நிரலறிந்தோர் பெயரிடுக! இசையறிந்தோர் அளவு காண்க! இளைஞர் ஒரு குமிழைத் திருகித் தொடங்குக! இரவல் ஒலியில் ஓர் இனம் தன் குரலைக் கேட்டுவிட முடியாது.