"தம்பி புடிச்சுக்கிருவானா?" – தீம் பார்க் வாசல்ல யாரும் கேக்காத கேள்வி

1/
மூணு வருஷத்துக்கு முன்னாடி கமுதியில என் கிளினிக்குக்கு ஒரு அம்மா வந்தாங்க. "டாக்டர், ஸ்கூல்ல தீம் பார்க் டூர் போறாங்க. எம் மகன் வரலாமா வேணாமான்னு டாக்டர் லெட்டர் கேக்குறாங்க."
நான் எழுதினேன்: "நீண்ட பயணம் உகந்ததல்ல."
முப்பது செகண்ட் வேலை. அது தப்பு. இந்த த்ரெட் அந்தத் தப்பைப் பத்தி. நீளம்தான், முழுசாப் படிங்க. அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

2/
பையனுக்கு அப்போ 10 வயசு. டுஷேன் தசைச்சிதைவு நோய். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வரும் மரபணுக் குறைபாடு. தசையைக் காப்பாத்துற டிஸ்ட்ரோஃபின்ங்கிற புரதம் உடம்புல உருவாகாது. 3, 4 வயசுல அடிக்கடி விழுவாங்க. தரையிலிருந்து எந்திரிக்கத் தன் தொடையிலேயே கையை ஊனி ஏறி எந்திரிப்பாங்க. பெரும்பாலும் 12 வயசுக்குள்ள நடை நின்னுரும். அப்புறம் கை, மூச்சு, இதயம்னு ஒவ்வொண்ணாப் பாதிக்கும்.

3/
இதை ஏன் சொல்றேன்னா, நாம சுலபமாச் சொல்ற "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" இந்தப் பிள்ளைங்க விஷயத்துல செல்லாது. இந்த வருஷம் கம்பியைப் பிடிக்கிற கை அடுத்த வருஷம் பிடிக்குமான்னு தெரியாது. இது தெரிஞ்ச ஆள் அந்த ரூம்ல நான் ஒருத்தன்தான். தெரிஞ்சேதான் அந்த லெட்டரை எழுதினேன்.

4/
அந்த லெட்டர் யாரைக் காப்பாத்துச்சு? ஏதாவது ஆயிட்டா நம்ம தலையில விழும்னு பயந்த பள்ளிக்கூடத்தைக் காப்பாத்துச்சு. என்னையும் காப்பாத்துச்சு. பையனை? அவன் வகுப்பே பஸ் ஏறிப் போன அன்னைக்கு அவன் வீட்டுல இருந்தான். மறுநாள் எல்லாரும் டூர் கதை பேசுவாங்கன்னு ரெண்டு நாள் பள்ளிக்கூடமே போகலையாம். அடுத்த செக்கப்புக்கு வந்தப்ப அவங்க அம்மா சொன்னாங்க. குறையாக் கூடச் சொல்லல. சும்மா சொன்னாங்க.

5/
அடுத்து பங்குனி வந்துச்சு. எங்க ஊர் முத்துமாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல். ராட்டினக்காரங்க வந்து எறங்குவாங்க. கையால சுத்துற சின்ன ராட்டினம் ஒண்ணு. பையனோட அப்பா அவனைத் தூக்கிட்டுப் போய் நின்னாரு. ராட்டினக்காரர் பையனை மேலயும் கீழயும் பாத்தாரு. ஒரே ஒரு கேள்வி கேட்டாரு.
"தம்பி புடிச்சுக்கிருவானா?"
"புடிச்சுக்கிருவான். தலையும் நிக்கும். இடுப்புதான் சாயும்."
"அப்ப நீங்களும் ஏறி ஒக்காருங்க. மடியில வச்சு இறுக்கிக்கங்க. மெதுவாச் சுத்துறேன்."

6/
திருவிழா ராட்டினம் பாதுகாப்பானதுன்னு நான் சொல்ல வரல. தரச்சோதனை இல்லாத ராட்டினத்துல எந்தப் பிள்ளையையும் ஏத்தாதீங்க. நான் சொல்றது அந்தக் கேள்வியை. அந்த மனுஷன் நாற்காலியைப் பாக்கல, பையனைப் பாத்தாரு. என்ன முடியும், என்ன முடியாதுன்னு கேட்டாரு. அதுக்கேத்த மாதிரி தன் வேகத்தை மாத்தினாரு. நாங்க அஞ்சரை வருஷம் படிச்சுக் கத்துக்கிற நோயாளி மதிப்பீடு அதுதான். நான் அதைச் செய்யல. அவர் செஞ்சாரு.

7/
மே மாச லீவுல அந்தக் குடும்பம் வேன் பிடிச்சு ஒரு தீம் பார்க்குக்குக் கிளம்புச்சு. நானும் போனேன். குத்த உணர்ச்சின்னே வச்சுக்கங்க. விடியக்காலம் நாலு மணிக்குக் கமுதியில கிளம்பி அருப்புக்கோட்டை வழியா போனோம். எந்தப் பார்க்னு சொல்ல மாட்டேன். அடுத்த பார்க்ல இதைவிட நல்லா நடந்துக்குவாங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்ல.

8/
அங்க நடந்தது: பையனுக்கு முழு டிக்கெட். வாங்கினோம். முதல் ரைடுக்கு முன்னாடி ஆறு படி. "வீல்சேர் அலவ்டு இல்ல சார், சேஃப்டி." சரி, தூக்கிட்டு வர்றோம். "அதுவும் முடியாது சார், சேஃப்டி." ராட்சச ராட்டினம், சேஃப்டி. படகு, சேஃப்டி. சைக்கிள் வேகத்துல போற பொம்மை ரயிலு. அதுக்கும் சேஃப்டி! அந்த ரயில்ல ரெண்டு வயசுக் குழந்தை பாட்டி மடியில தூங்கிட்டுப் போகுது.

9/
கெஞ்சிக் கேட்டதுல ஒரு இடத்துல சம்மதிச்சாங்க. ஊழியர் தம்பி நல்ல மனசோட ஓடி வந்து அக்குள்ல கையை விட்டுத் தூக்கினாரு. பையன் அப்படியே வழுக்கிக் கீழே போனான். நல்லவேளை, அப்பா பிடிச்சாரு. டுஷேன் பிள்ளைகளுக்குத் தோள் தசை தளர்ந்திருக்கும். அக்குள்ல தூக்கினா நழுவுவாங்க. ஒரு கை முதுகுக்குப் பின்னாடி, ஒரு கை தொடைக்கு அடியில. இல்லன்னா ரெண்டு பேர் சேர்ந்து தூக்கணும். கத்துக்கொடுக்க அஞ்சு நிமிஷம் போதும். நாள் முழுக்க சேஃப்டி சேஃப்டின்னு சொன்ன இடத்துல அந்த அஞ்சு நிமிஷம் யாரும் ஒதுக்கல.

10/
மத்தியானம் பையன் முகம் வாடிருச்சு. உதடு காஞ்சிருக்கு. "தண்ணி குடிடா"ன்னேன். "வேணாம் டாக்டர்"ங்கிறான். அம்மா சொன்னாங்க, காலையில இருந்தே குடிக்கலையாம். குடிச்சா ஒண்ணுக்கு வரும், எங்க போறது? வீல்சேர் படம் ஒட்டின கழிப்பறை இருந்துச்சு. பூட்டிக் கிடந்துச்சு. உள்ள தொடப்பம், பக்கெட்டு. மே மாச வெயில்ல 10 வயசுப் பிள்ளை தாகத்தை அடக்கிட்டு ஒக்காந்திருக்கான். எது ஆபத்து? பொம்மை ரயிலா, இதுவா?

11/
"சேஃப்டி வேணாம்னு சொல்றீங்களா டாக்டர்?" இல்லவே இல்ல. நானே மறுப்பேன். தலை நிக்காத பிள்ளையைக் குலுக்குற ரைடுல ஏத்த விடமாட்டேன். ஸ்டீராய்டு எடுக்கிற பிள்ளைக்கு எலும்பு பலவீனமா இருக்கும், இடிச்சு மோதுற கார் வேண்டாம்பேன். இதயம் பாதிச்சிருந்தா உயரத்துல இருந்து விழுற ரைடு கூடாது. ஆனா அது ஒவ்வொரு பிள்ளையாப் பாத்து, ஒவ்வொரு ரைடாப் பாத்து எடுக்க வேண்டிய முடிவு.

12/
கேக்க வேண்டியது அஞ்சே கேள்வி. தலை நிக்குமா? இடுப்பு நிக்குமா? கையால பிடிச்சுக்குவானா? இந்த சீட் பெல்ட்டும் கம்பியும் அவன் உடம்புக்குப் பொருந்துமா? ரைடு பாதியில நின்னா எப்படி இறக்குவோம்? இதைக் கேட்டுட்டு முடியாதுன்னு சொன்னா அது பாதுகாப்பு. நாற்காலியைப் பாத்த உடனே முடியாதுன்னு சொன்னா அதுக்குப் பேர் பாரபட்சம். மருத்துவம் உங்களுக்குத் துணைக்கு வராது.

13/
அன்னைக்கு நல்லது ஒண்ணு நடந்துச்சு. ஆழமில்லாத நீச்சல் குளத்துல அவங்க அப்பா அவனைத் தூக்கிட்டு இறங்கிட்டாரு. யாரையும் கேக்கல. மார்போட அணைச்சு மெதுவா மிதக்க விட்டாரு. தண்ணி உடம்பு எடையைத் தாங்கிக்கும். தரையில அசையாத தொடை தண்ணிக்குள்ள அசையும். அதனாலதான் இவங்களுக்கு நீர்ப்பயிற்சி சொல்றோம். பையன் கத்தினான்: "டாக்டர்! காலு போகுது பாருங்க!" முக்கால் மணி நேரம் வெளிய வரமாட்டேன்னுட்டான். அவன் தங்கச்சி மேல தண்ணி அடிச்சான். அவ அழுதா. அவன் திட்டு வாங்கினான். சாதாரணமான லீவு நாள் அப்படித்தானே இருக்கும்?

14/
இப்ப சட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. பிரிவு 44: அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத கட்டட வரைபடத்துக்கு அனுமதியே தரக்கூடாது. பிரிவு 46: அரசோ தனியாரோ, சேவை தர்ற எல்லாரும் விதி வந்து 2 வருஷத்துக்குள்ள அந்த விதிப்படி சேவை தரணும். விதிகள் வந்தது 2017-ல. கணக்கு நீங்களே போட்டுக்கங்க. பிரிவு 89: முதல் தடவை மீறினா 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினா 50,000-லிருந்து 5 லட்சம் வரை.

15/
ராஜீவ் ரதூரி வழக்குல 2024 நவம்பர் 8 அன்னைக்கு உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாச் சொல்லிருச்சு. அணுகல் விதிகள் 'செஞ்சா நல்லது'ங்கிற அறிவுரையா இருக்கக்கூடாது, கட்டாயமா இருக்கணும். 3 மாசத்துல கட்டாய விதிகளை வகுக்கணும்னு மத்திய அரசுக்கு உத்தரவு. அதுக்கும் முன்னாடி, 2007-லேயே இந்தியா ஏத்துக்கிட்ட ஐ.நா. உடன்படிக்கையோட 30-வது பிரிவு, மத்த பிள்ளைகளுக்குச் சமமா இவங்களுக்கும் விளையாட்டும் பொழுதுபோக்கும் உண்டுன்னு சொல்லுது. சிகிச்சை மாதிரி, படிப்பு மாதிரி, விளையாட்டும் உரிமை.

16/
செய்ய முடியுமா? அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலம் சான் ஆன்டோனியோவில மார்கன்ஸ் வொண்டர்லேண்ட்னு ஒரு பார்க். கோர்டன் ஹார்ட்மன்ங்கிறவர் தன் மகள் மார்கனோட விடுமுறைக்குப் போனார். குளத்துல விளையாடிட்டிருந்த பிள்ளைங்க கிட்ட மகள் ஆசையாப் போனா. அவங்க விலகிப் போயிட்டாங்க. அவர் ஊர் திரும்பி ஒரு பார்க்கே கட்டினார். 2010-ல திறந்தாங்க. குடை ராட்டினம், ராட்சச ராட்டினம், ரயில் எல்லாத்துலயும் வீல்சேரோடயே ஏறலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவு இலவசம். 2017-ல தண்ணிப் பூங்கா. அதுக்குன்னே அழுத்தக் காற்றுல ஓடுற, நனைஞ்சாலும் கெடாத வீல்சேர்.

17/
"அது அமெரிக்கா டாக்டர்." சரி, மெரினாவுக்கு வாங்க. 2022 நவம்பர் 27, மணல் மேல மரப்பாதை. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், சுமார் 1.14 கோடி ரூபாய். கொஞ்ச நாள்லயே மாண்டஸ் புயல் சேதப்படுத்துச்சு. சரி பண்ணித் திரும்பத் திறந்தாங்க. வீல்சேர்ல இருக்கிறவங்க அலை பக்கத்துல போய்ச் சேர முடிஞ்சுது.

18/
நம்ம மாவட்டத்துக்கே வாங்க. தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு 2017-ல தார் ரோடு திறக்கிறதுக்கு முன்னாடி மணல்ல வேன் குதிச்சுக் குதிச்சுப் போகும். கழுத்து நிக்காத பிள்ளையை அதுல கூட்டிட்டுப் போகவே முடியாது. அந்த ரோட்டை வீல்சேருக்காகப் போடல. ஆனா போட்ட பிறகு வீல்சேரும் போச்சு. அதுக்கு மேல தண்ணி வரைக்கும் மணல்தான். அடுத்த தடவை ராமேஸ்வரமோ அரியமானோ போறவங்க, வீல்சேரைத் தள்ளிட்டு அலை வரைக்கும் போக வழி இருக்கான்னு ஒரு தடவை பாருங்க.

19/
பார்க் முதலாளிகள் வழக்கமாச் சொல்றது: "அந்த மாதிரி ஆளுங்க யாரும் வர்றதில்லையே சார்." வாசல்ல ஆறு படி கட்டி வச்சா எப்படி வருவாங்க? சாய்தளம்னா ஒரு அடி ஏற 12 அடி நீளம். கதவுன்னா 90 சென்டிமீட்டர் அகலம். கழிப்பறைக் கதவுல பூட்டு வேண்டாம். இதுல எது ராக்கெட் விடுற வேலை? முட்டி வலிக்கிற பாட்டி, மாசமா இருக்கிற பொண்ணு, தள்ளுவண்டியில குழந்தையோட வர்ற அம்மா, எல்லாரும் அதே சாய்தளத்துலதான் ஏறுவாங்க.

20/
இன்னொண்ணு: இலவச டிக்கெட் கொடுத்து, வாசல்ல சால்வை போத்தி போட்டோ எடுத்துப் போட்டுட்டு, உள்ள ஒரு ரைடுலயும் ஏத்தாம அனுப்புறது. அந்தப் பரிதாபம் எங்களுக்கு வேண்டாம். காசு வாங்கிக்கங்க. ஏத்துங்க.

21/
பெற்றோருக்கு: போறதுக்கு முன்னாடி போன் பண்ணி, எந்த ரைடு, கழிப்பறை, படுக்க வச்சு உடை மாத்த இடம், எல்லாத்தையும் கேளுங்க. பதிலை வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்குங்க. மணிக்கொரு தடவை பிள்ளையை அசைச்சு உக்கார வைங்க, புண் வராது. வெயில்ல நாற்காலிக் கம்பி சுடும், உணர்ச்சி இல்லாத காலுக்குத் தெரியாது, துணி சுத்துங்க. தண்டுவடம் பாதிச்ச பிள்ளைக்குக் காயத்துக்குக் கீழே வேர்க்காது, சூடு சீக்கிரம் ஏறும். ஸ்பைனா பிஃபிடா பிள்ளைகளுக்கு ரப்பர் பலூன் ஒவ்வாமை வரலாம், உங்க டாக்டரைக் கேட்டுக்கங்க.

22/
மறுத்தாங்கன்னா: யார், எந்த ரைடு, என்ன காரணம், நேரம், எழுதி வைங்க. கலெக்டர் ஆபீஸ்ல மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் இருக்கார். திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள் மனு இருக்கு. மாநில ஆணையருக்கும் எழுதலாம். ஒருத்தர் எழுதினா குப்பைக்குப் போகலாம். நூறு பேர் எழுதினா போகாது.

23/
ஆசிரியர்களே, வகுப்புல ஒரு பிள்ளை வர முடியாத இடம்னா இடத்தை மாத்துங்க, பிள்ளையை விட்டுட்டுப் போகாதீங்க. சக டாக்டர்களே, "உகந்ததல்ல"ன்னு எழுதுறதுக்கு முன்னாடி எது உகந்ததல்ல, ஏன்னு எழுதுங்க. எழுத முடியலைன்னா அது உங்க பயம், அவங்க நோய் இல்ல. நான் என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

24/
பையனுக்கு இப்ப 13. கை முன்ன மாதிரி தூக்க முடியல. கம்பி பிடிக்கிறதும் கஷ்டம். தண்ணி இன்னும் பிடிக்கும். இந்த வருஷமும் பள்ளிக்கூடத்துல டூர். அவங்க அம்மா மறுபடி லெட்டர் கேட்டு வந்தாங்க. இந்தத் தடவை அரை மணி நேரம் ஆச்சு. அவனையும் கேட்டுக் கேட்டு எழுதினேன்:

"இம்மாணவர் சுற்றுலா செல்லலாம். தலை நிற்கும், இடுப்புக்குப் பிடிமானம் தேவை. குலுக்கும் ரைடுகள் வேண்டாம். நீர் விளையாட்டு நல்லது, துணைக்கு ஒரு பெரியவர் அவசியம். அக்குளில் தூக்கக் கூடாது. தண்ணீர் குடிக்க வைக்கவும். கழிப்பறையை முன்கூட்டியே உறுதி செய்யவும். இவரை விட்டுச் செல்ல மருத்துவக் காரணம் எதுவும் இல்லை."