வரைபடத்தில் ஒரு பூங்கா

2016ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு மாலைப்பொழுது. மதரஸா விட்டுப் பிள்ளைகள் கலைந்தபின், மாணவி ஒருத்தியின் அத்தா என்னைக் காண வந்தார். வளைகுடாவில் பல்லாண்டுகள் உழைத்துத் திரும்பியவர்.

"ஹஜ்ரத், மூத்தவளுக்கு நிக்காஹ் நாள் குறித்துவிட்டோம். மனையை விற்றுச் செலவைப் பார்க்கலாமென்றிருந்தேன். பத்திரம் பதிய முடியாதென்கிறார்கள்" என்றார். குரல் தழுதழுத்தது.

கையிலிருந்த வரைபடத்தை விரித்தார். நேரான தெருக்கள், எண்ணிட்ட மனைகள், ஒரு மூலையில் பச்சை நிறத்தில் சிறுவர் பூங்கா. அடியில் ஊராட்சித் தலைவரின் கையொப்பமும் முத்திரையும். அம்முத்திரையை நம்பித்தான் 2010இல் அவர் வாங்கியிருந்தார். மனைப்பிரிவு அமைக்க நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும், ஊராட்சியின் முத்திரை மட்டும் போதாது என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை.

அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 9-9-2016 அன்று தடை விதித்திருந்தது. விளைநிலங்கள் வரைமுறையின்றி மனைகளாவதை எதிர்த்து வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் தொடுத்த பொதுநல வழக்கில் பிறந்த ஆணை அது.

நண்பர் ஒரு கட்சிப் பிரமுகரை நாடினார். "அவர்கள் ஆட்சியில் போட்ட மனைப்பிரிவு, அவர்களைக் கேளுங்கள்" என்றார் அவர். மறு கட்சிக்காரரோ, "தீர்வு காணாமல் இழுத்தடிப்பவர்கள் இவர்கள்" என்றார். இருவரும் மேடையில் முழங்கினார்கள். மனை விற்கவில்லை.

உண்மை என்ன? அங்கீகாரமற்ற மனைகளின் பதிவைத் தடுக்கும் 22-அ பிரிவு, 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகவே பதிவுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுவிட்டது. அது நடைமுறைக்கு வந்ததோ 20-10-2016 அன்றுதான்! இடையில் 2011இல் ஆட்சி மாறியது. இரு கட்சிகளின் ஆட்சியிலும் சட்டம் ஏட்டில் உறங்கியது. அது உறங்கிய காலத்தில்தான் நம்மவர்களின் சேமிப்பெல்லாம் மனைகளாக மாறியது.

அடுத்த வாரம் நாங்களிருவரும் அவ்விடத்திற்குச் சென்றோம். பூங்கா இருக்க வேண்டிய மூலையில் கல் ஊன்றி, அதையும் மனைகளாக விற்றிருந்தார்கள். வயலுக்கு நீர் பாய்ந்த வாய்க்கால் பாதி தூர்ந்து, அதன்மேல் செம்மண் பாதை கிடந்தது.

வாசகர்களே, நமது கம்பம் பள்ளத்தாக்கில் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நன்செய் நிலம், 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீரை நம்பியிருக்கிறது. மேலே ஒருவர் வாய்க்காலைத் தூர்த்தால் கீழே இன்னொருவரின் நாற்று வாடும். திட்ட அனுமதி என்பது இந்த அயலாரின் உரிமையைக் காக்கும் ஏற்பாடு. அதை வெறும் காகிதமென்று எண்ணுவது தவறு.

விவசாயியை மட்டும் குறை கூறுவதும் நியாயமன்று. கடனும் கூலியும் நெருக்கும்போது அவர் நிலத்தை விற்கிறார். அனுமதிக்காகப் பலமுறை அலைய வேண்டியிருப்பதால் குறுக்கு வழி தேடுவோர் பெருகுகின்றனர். இவற்றைச் சீர்செய்யக் கேட்பதே அரசியல்வாதிகளிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளை வெளியிட்டது. 20-10-2016க்கு முன் ஒரு மனையேனும் விற்கப்பட்ட மனைப்பிரிவுகளுக்கு அதில் வழி பிறந்தது. நீர்நிலை, வாய்க்கால், அரசு நிலம் ஆகியவற்றுக்கு அது பொருந்தாது. நண்பர் கட்டணம் செலுத்தினார்; மனை வரன்முறையானது. மகளின் நிக்காஹோ அதற்கு முன்பே, உறவினர்கள் கைமாற்றாகத் தந்த பணத்தில் எளிமையாக நடந்தேறிவிட்டது. பூங்கா மட்டும் திரும்பவேயில்லை.

மனை வாங்குவோர் முன்பணம் கொடுக்குமுன் நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு, 2016ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். வில்லங்கச் சான்றோடு நில்லாமல், வரைபடத்துடன் நேரில் சென்று சாலையையும் பூங்காவையும் வாய்க்காலையும் நடந்து பாருங்கள்.

மனை விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். சரக்கின் குறையை மறைத்து விற்பது ஆகுமான வியாபாரமன்று என்று உங்கள் பிள்ளைகளுக்கு மதரஸாவில் பாடம் சொல்கிறோம். மாலையில் வீடு திரும்பும் பிள்ளை, "அத்தா, அந்தப் பூங்கா எங்கே?" என்று கேட்டால், கட்சியின் பெயரைச் சொல்லித் தப்ப முடியுமா?