காமன் நட்ட இடம்



தலையங்கம் எழுத உட்கார்ந்தபோது மேசையில் இரண்டு கடிதங்கள் கிடந்தன. ஒன்று ஒரு மாணவத் தோழர் எழுதியது. 'சின்ன அமல்' பாவையைப் பற்றி நம் இதழ் ஏன் பேசவில்லை, அதுமாதிரி நாமும் ஒரு பெரிய பாவை செய்து ஊர் ஊராகக் கொண்டுபோனால் என்ன என்று கேட்கிறார். மற்றொன்று கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெரியவர் பேரனை விட்டு எழுதச் சொன்னது. விஷயம் ஒற்றை வரிதான்: சாதிச் சான்றிதழ் இன்னும் வரல.

அமலைப் பற்றி முதலில். மூன்றரை மீட்டர் உயரப் பாவை அது. தாயைத் தேடிப்போகும் ஒன்பது வயது சிரிய அகதிச் சிறுமி. செய்தவர்கள் தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங் பாவைக்குழுவினர். உள்ளே ஒருவர் பொய்க்கால் கட்டி நடக்க, இருவர் கைகளை ஆட்டுவார்கள். 2021 ஜூலையில் துருக்கியின் காசியான்டெப் நகரில் கிளம்பி, சுமார் 8,000 கிலோமீட்டர் கடந்து நவம்பர் 3 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டரில் முடித்தாள். பல ஊர்களில் ஆடிப்பாடி வரவேற்றார்கள். கிரேக்கத்தின் லாரிசாவில் கல்லெறிந்தார்கள். வெறும் பாவைதான் என்று தெரிந்தே எறிந்தார்கள்! கல் விழுந்த இடத்தில்தான் அந்த நாடகம் வேலை செய்தது என்று எனக்குப் படுகிறது.

ஆனால் அதே நவம்பர் 24 அன்று, பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்கு ரப்பர் படகில் கடல் கடந்தவர்களில் குறைந்தது 27 பேர் செத்தார்கள். பாவைக்கு வழிவிட்ட எல்லை மனுசருக்கு விடவில்லை. இதையும் சேர்த்துப் பேசினால்தான் அமலைப் பற்றிப் பேசியதாகும்.

இனி நம்ம கதை. இலங்கை மலைக்காட்டுக்குக் காப்பித் தோட்ட வேலைக்கும் பிறகு தேயிலைக்கும் கங்காணிமார் கூட்டிப்போன சனத்தில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். அவங்களோடு கப்பலேறிய ஆட்டம் காமன் கூத்து. மாசியில் காமன் நட்டு, லயத்து வாசலெல்லாம் ஆடி, ஒரு ராத்திரி சிவன் மன்மதனை எரிப்பான். ரதி வேசம் கட்டிய ஆம்பளை ஒப்பாரி வைப்பான். அங்கே அழுகிறது ரதி மட்டுமில்லை. தலைமன்னாருக்கும் மாத்தளைக்கும் நடுவில், காட்டு வழியில் செத்துப்போனவங்களுக்கெல்லாம் சேர்த்தே லயத்துப் பொம்பளைங்க அழுதாங்க என்கிறார் பெரியவர். விடியக்காலையில் பிரட்டுக்குக் கூப்பிட அடித்ததும் தப்புதான். காமனுக்கு அடித்ததும் தப்புதான். காலையில் அது துரையின் கடிகாரம். ராத்திரியில் நம்மளது.

அதுக்காகக் கூத்துக்குள்ளே எல்லாரும் சமம் என்று கதைவிட நான் தயாராயில்லை. பெரியவர் இருந்த தோட்டத்தில் மன்மதன் வேசம் குடியானவர் வீட்டுப் பையனுக்கு. தப்பு நம்மாளுக்கு. "தீ மூட்ட விறகு பொறுக்குறதும் நாமதான் தம்பி" என்று சிரித்தார். கடல் தாண்டியும் சேரி கூடவே வந்திருக்கு. இன்று மலையகப் பண்பாடு என்று மேடைபோட்டுக் கொண்டாடுகிறவர்கள் இதைப் பேச வாய் கூசுகிறார்கள்.

1948 குடியுரிமைச் சட்டம் அந்தச் சனத்தில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்குபோட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். பாகப் பிரிவினையில் ஆட்டுக்குட்டிகளிடம் யார் கேட்பார்கள்? அங்கே மிஞ்சியவர்களுக்கு 2003 சட்டத்தில்தான் குடியுரிமை முழுசாக வந்தது.

நம் பெரியவர் கப்பலில் வந்து நீலகிரியில் இறங்கியவர். அங்கே 'கள்ளத்தோணி', இங்கே 'சிலோன்காரன்'. பேரன் கல்லூரிக்குப் போக சான்றிதழ் கேட்டால், பூர்வீக கிராமத்திலிருந்து அத்தாட்சி கொண்டா என்கிறார் அதிகாரி. தாத்தாவின் தாத்தா திருச்சிப் பக்கம் என்று கேள்வி. கிராமத்தின் பேர் யாருக்குத் தெரியும்? "காமன் நட்ட எடம்தாய்யா எங்களுக்கு ஊரு" என்றிருக்கிறார். அந்த ஆபீசில் அதுக்குப் படிவம் இல்லை. பறையன் என்று திட்ட ஒருத்தனும் அத்தாட்சி கேட்டதில்லை. படிக்கப்போகும்போது மட்டும் கேட்கிறார்கள்.

பேரனோடும் பெரியவருக்குச் சண்டை. "தப்ப நான் தொடமாட்டேன், சாவு வீட்டுக்குக் கூப்பிடுவானுங்க" என்கிறான். நம் இதழிலேயே தப்பைத் தூக்கியெறி என்றும், எடுத்து ஓங்கி அடி என்றும் இரண்டு கட்சி உண்டு. தஞ்சாவூர் லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி மாதிரி இது விடியவிடிய நடக்கும். நான் எடுத்து அடிக்கிற கட்சி. ஆனாலும் பையனைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. சாவு வீட்டில் எச்சில் கிளாசில் காசு வாங்கி நின்றவன் நானில்லையே.

மாணவத் தோழரே, பாவை செய்யலாம். மூங்கிலும் சாக்குத்துணியும் போதும். யார் உருவம் என்பதைக் கோத்தகிரியில் போய்க் கேட்டுவிட்டு முடிவெடுப்போம். வருகிற மாசியில் அங்கே காமன் நடுகிறார்கள். இந்தத் தடவை மன்மதன் பேரன்தானாம். அந்த ஒரு நிபந்தனையில் ஒத்துக்கொண்டிருக்கிறான். அதுக்கு முன்னால் தாசில்தார் அலுவலகத்துக்கு ஒரு நடை போகணும். வரக்கூடியவர்கள் கடிதம் போடுங்கள்.